சரிங்க என்றால் சம்மதமா

டீ நன்றாக இருந்தது சார். இந்த ஸ்டேஷனில் சர்க்கரையை அளவாகப் போடுகிறார்கள். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சீனுவாசன். கோலியனூர் பக்கம் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடமாகச் சிறப்பாசிரியர். ஜெசிந்தா என் வகுப்புப் பிள்ளை, பதினொரு வயது. பேச்சு வராது. திடீரென்று கத்துவாள், பக்கத்துப் பிள்ளைகளைப் பிறாண்டுவாள். திண்டிவனத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. அங்கே அனுப்பினால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தேன். அதில் தப்பில்லை.

அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவள் அம்மா மலர்விழியைக் கூப்பிட்டு, படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் "சரிங்க" என்றாள். படித்துக் காட்டியதற்கு அடையாளமாகத்தான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"பாப்பாவுக்கு வலிப்பு வருதுங்க சார். வந்தா ஒருக்களிச்சிப் படுக்க வெச்சி, பக்கத்துலயே ஒரு ஆளு பாத்துக்கினு இருக்கணும். நான் அனுப்பலீங்க."

அந்தச் 'சரிங்க'வைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க வருகிற மலர்விழி போன்றவர்கள் அப்பாவிடம் சொல்லும் சொல் அது. காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடணும்" என்பார். "சரிங்க" என்பார்கள். மறுநாள் வேறு ஒருவர் நிலத்தில் நிற்பார்கள். அப்பா தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இருந்தாலும் 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

விடுதியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்ததும் மலர்விழி மனு கொடுத்துவிட்டாள். என் பெயரைப் போட்டு. விழுப்புரத்தில் கல்வி அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விசாரித்தார். எனக்கு நேர் எதிரே அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"படிச்சுக் காட்டினாரா?"

"காட்டினாருங்க."

"நீ என்ன சொன்னே?"

"சரிங்கன்னேன். சம்மதம்னு சொல்லலீங்க. சார் பொய்யா எழுதிக்கினாரு. சரிங்கன்னா என்னான்னு சாருக்கே தெரியும், கேளுங்க."

அதிகாரி சிரித்தார். வெளியூர்க்காரர். அவளைத் தவிர அந்த அறையில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னைப் பார்த்தார். "இப்போ பேச்சை மாத்துறாங்க சார்" என்றேன். அத்தோடு விஷயம் முடிந்தது.

திங்கட்கிழமை விடுதி வண்டி வந்தது. மலர்விழி கதவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். யாரும் அவளை அடிக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினோராவது நாள், மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தா குப்புறக் கிடந்திருக்கிறாள். பக்கத்தில் ஆள் இல்லை. எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வலிப்பு இருப்பதே தெரியாது என்று வார்டன் ஜெசிந்தாவின் அம்மாவிடம் அழுதாராம். அது உண்மைதான். அவர்மேல் பழி போடாதீர்கள்.

விடுதிக்கு உடல்நிலைப் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான். விழுப்புரத்தில் விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் நிரப்பினேன். வலிப்பு உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். போன ஆடியில் என் வகுப்பிலேயே அவளுக்கு வந்தது. இந்தக் கையால்தான் ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டேன். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதினேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பொய்யன் என்றாளே, அந்த ஆத்திரம்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.