வண்டிக்கு அடியில் ஈரம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு காரின் கதை சொல்கிறேன். சிமெண்டு வாசலில் சாணி தெளித்தால் மண்வாசலில் போலப் பிடிப்பதில்லை. காய்ந்ததும் பொருக்காகப் பெயர்ந்துவிடும். இருந்தாலும் நான் விட்டதில்லை. திருவரங்குளத்தில் எங்கள் தெருவில் விடியுமுன் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறவள் நான் ஒருத்திதான்.

அந்த வாசலில்தான் மூத்த மருமகன் வசந்தகுமார் தன் காருக்குப் பிரேக் பைப் மாற்றினார். பழைய கார். பின்சீட்டை மடக்கிவிட்டு, ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன்பெட்டி ஏற்றி வந்து வியாபாரம் செய்தார். உப்பும் ஐஸ் தண்ணீருமாக ஒழுகி ஒழுகி, அடியில் ஓடும் பைப்பெல்லாம் துருவேறி, விரல் பட்டாலே உதிர்ந்தது.

மீன் தண்ணீர் அந்தக் காரில் ஒழுகலாம். என் மூத்த மகள் இலக்கியாவின் ரத்தம் ஒழுகக் கூடாது. பைப் மாற்றியதற்குச் சில மாதம் முன்பு, வளைகாப்புக்கு என் வீட்டுக்கு வந்திருந்தவளுக்கு உதிரம் கண்டது. காரை எடுங்கள் என்றேன்.

“அய்யனாருக்குப் பூசை போட்ட வண்டி அத்தை. தீட்டுப் பட்டா தொழில் படுத்துரும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருக்கேன்” என்றார்.

சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. கார் வாசலில் நின்றது. என் மகள் அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவருடைய அம்மா பிச்சையம்மாள்தான், சாவியைக் குடுடா பாவி என்று அவர் முதுகில் அடித்தார். ஆம்புலன்ஸ் வந்தது. வந்து என்ன.

இலக்கியாவின் வருஷத் திதி வருமுன், இளையவள் சுகுணாவைக் கட்டிக்கொடுங்கள் என்று வந்து உட்கார்ந்தார். தெரிந்த இடம் என்று என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். நான் வேண்டாம் என்றேன். காபி போடச் சொன்னார்கள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த சுகுணா அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

நார்த்தாமலை மாரியம்மன் சந்நிதியில் தேதி குறிப்பதென்று முடிவானது. அதற்கு முதல் நாளே அம்மாவோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அன்றுதான் பைப் வேலை. மெக்கானிக்கிடம் விடாமல், தானே அடியில் படுத்துப் புதுப் பைப்பை வளைத்து மாட்டினார். பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பில் மட்டும் பழைய நட்டையே போட்டு முறுக்கினார். அதன் மரை மழுங்கியிருந்தது.

“விடியட்டும் அத்தை. அடியில ஆயில் சொட்டிக் கெடந்தா கசியுதுன்னு அர்த்தம். காஞ்சு கெடந்தா மெட்ராஸ் வரைக்கும் போகலாம்” என்றார். பானட்டைக்கூடச் சாத்தாமல் படுக்கப் போனார்.

நான் எழுந்தபோது பின்சக்கரத்தை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டால் வழவழத்தது. வழக்கம் போல வாசலைக் கூட்டினேன். ஈரம் இருந்த இடத்தைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சாணி தெளித்தேன், வண்டிக்கு அடியிலும். பாட்டிலில் மிச்சமிருந்த பிரேக் ஆயிலை, முதல் நாள் அவர் ஊற்றியதைப் பார்த்திருந்தேன், பானட்டுக்குள் இருக்கிற அதே டப்பாவில் அதே கோடு வரைக்கும் ஊற்றினேன். பிறகு கோலம் போட்டேன்.

“அடியில ஈரம் இருந்துச்சா அத்தை?”

“காஞ்சு கெடந்துச்சு மாப்ள. இது சாணித் தண்ணி.”

டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கெல்லாம் என்கிட்ட பிச்சை வாங்கணும் என்று சிரித்தார்.

மாலை வாங்க என் வீட்டுக்காரரை முன்னாடியே பஸ்ஸில் அனுப்பியிருந்தேன். சுகுணா பட்டு கட்டி நின்றாள். அவள் வீட்டுக்குத் தூரம், இப்போதுதான் சொன்னாள் என்றேன். மருமகன் சட்டென்று ஒரு எட்டு விலகி நின்று, அப்படியானால் வண்டியில் ஏற வேண்டாம் என்றார். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தீட்டு என்றால் அவர் மறுகேள்வி கேட்பதில்லை.

பிச்சையம்மாள் முன்சீட்டில் ஏறினார். “நீங்களாச்சும் வரலாம்ல சம்பந்தி?” என்றார். பெண் தனியாக இருக்கிறாளே என்றேன். அவர் முந்தானை வெளியே தொங்கியது. எடுத்து மடியில் வைத்து, கதவை நானே சாத்தினேன்.

திருச்சி ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் கார் புகுந்தது. இரண்டு பேரும் அங்கேயே முடிந்தார்கள். வேகமாகப் போனார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

பிச்சையம்மாளை நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடம். இறக்கியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார் மருமகன். அதோடு, பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உயிரோடு இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் அந்தம்மாவுக்கு வேண்டாம் என்றுதான் கதவைச் சாத்தினேன்.

சுகுணா படிப்பை முடித்து மதுரையில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். வீட்டுப் பக்கம் வருவதில்லை. போன் போட்டால் எடுப்பதுமில்லை. வேலை அதிகம், பாவம்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும் கண்ணுகளா. போனவர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் வந்து சேரட்டும். என்னைப் போல ஒரு தாய் உங்கள் பிள்ளைகளுக்கும் காவல் இருக்கட்டும்.