மூன்றாம் ஓலை

— சபையே சிரிக்குது வடிவு. சரிதா கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு வாசிக்குற ஓலையில பாஸ்டரு ரெண்டாவத வாசிச்சாரு. யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்கன்னாரு. அது சும்மா வழக்கத்துக்குக் கேக்குறது. அதுக்குப் போயி யாராச்சும் எந்திரிப்பாங்களா?

— தடை இருந்துச்சு, எந்திரிச்சேன் மூப்பரே. உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க.

— இருக்கட்டும். இங்கியே நிக்குறேன்.

— எப்பவும் இங்கியேதான் நிக்குறீங்க. டீ வெக்கட்டுமா?

— வேணாம். வயிறு சரியில்ல.

— இன்னுமா? ஓமத்தண்ணி குடுத்தனுப்புனேனே.

— அத வுடு. விசயம் இன்னான்னா, சரிதா எனக்கு ஒரே பொண்ணு. பூவரசன் எங்க அக்கா மவன், திருப்பத்தூர்ல கடை வெச்சிருக்கான். நீ எந்திரிச்சு, பொண்ணும் மாப்ளயும் ஒரே அப்பன் புள்ளைங்கன்னு சொல்ற. எங்க அக்கா மூஞ்ச எங்க கொண்டுபோயி வெச்சிக்கும்?

— ஐயோ, நானு அந்த அப்பனச் சொல்லல. பரலோகத்துல இருக்குற அப்பன. நீங்கதானே சொன்னீங்க?

— நானு எப்ப சொன்னேன்?

— போன புளி சீசன்ல. எம்மவன் ரங்கனுக்குச் சரிதாவக் கேட்டு உங்க வூட்டு வாசலுக்கு வந்தேனே. ஞானஸ்நானம் எடுத்துட்டா நாமெல்லாம் ஒரே அப்பன் புள்ளைங்க வடிவு, ரங்கன் அதுக்கு அண்ணன் முறை, பங்காளிக்குள்ள பொண்ணு குடுத்து எடுக்குறது பாவம்னீங்க.

— அது வந்து...

— அழுதுகினுதான் வந்தேன். ஆனா உள்ளுக்குள்ள சந்தோசமாவும் இருந்துச்சு. அமிர்தி காலனிலேர்ந்து பாரஸ்டுக்கு மரக்கன்னு நட வந்தவங்க நாங்க. இந்த மலையிலயே பொறந்த ஜனம் நீங்க, எங்களப் பங்காளின்னுட்டீங்களே! டேய், அது உனக்குத் தங்கச்சிடான்னு ரங்கங்கிட்ட சொன்னேன். அவன் ஒழுங்கா சோறு துன்னே ரொம்ப நாளாச்சு. சரிதாவும் அன்னிலேர்ந்து என்னப் பெரீம்மான்னுதான் கூப்புடுது.

— வடிவு, நெசமாவே இத நம்புனியா?

— சபை மூப்பரு பொய் சொல்லுவாரா?

— அதில்ல...

— பூவரசனும் ஞானஸ்நானம் எடுத்தவந்தானே? அப்ப அதுவும் அண்ணந்தானே? நம்ம புள்ள தெரியாம பாவத்துல வுழுதேன்னு பயந்து எந்திரிச்சேன். மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் ஏன் பொசுக்குனு அடங்கிட்டாங்க? உங்களையே பாத்துக்கினு இருந்தாங்க.

— தெரியல. இப்ப பாஸ்டரு இன்னா சொல்றாருன்னா, வடிவு வந்து தடை இல்லன்னு சொன்னாத்தான் மூணாம் ஓலை வாசிப்பேன்றாரு. ஞாயித்துக்கெழம நீ அத மட்டும் சொல்லிடு.

— எப்படிங்க சொல்றது? நீங்களும் உங்க வூட்டம்மாவுங்கூட ஒரே அப்பன் புள்ளைங்கதான். ஆனா நீங்க ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே கட்டிக்கினீங்க, அதுக்கு மன்னிப்பு உண்டு. இது தெரிஞ்சே பண்றதாச்சே.

— பாவமில்ல வடிவு. கட்டலாம்.

— கட்டலாமா?

— கட்டலாம். ஒரே அப்பன்றது மனசுக்கு. கல்யாணத்துக்கு இல்ல.

— அப்ப ரங்கனுக்கும் கட்டியிருக்கலாம்.

— ஏன் வடிவு, உனக்குப் புரியலியா? என் வாயாலதான் வரணுமா?

— எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் வேதம் வாசிக்கிறவரு. பூவரசனுக்கு ஆவுது, ரங்கனுக்கு ஏன் ஆவாது?

— நீங்க காலனிக்காரங்க. எங்க ஜனம் ஒத்துக்காது. எங்க அக்கா அப்பறம் என் வாசப்படி மிதிக்காது. அதான். நேருக்கு நேரா அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆண்டவரு பேரச் சொன்னா உனக்கு வலிக்காதுன்னு நெனச்சேன்.

— ஓ.

— வடிவு...

— அப்ப அந்த வயித்து வலி?

— இல்ல.

— ஓமத்தண்ணி?

— கீழ ஊத்திட்டேன்.

— தெனமும் ஜெபத்துல உங்க வயித்துக்கோசரம் வேண்டிக்கினேன் மூப்பரே.

— போதும் வடிவு.

— சரி. தடை இல்லன்னு ஞாயித்துக்கெழம எந்திரிச்சு சொல்லிடுறேன். நீங்க போங்க. சரிதா, அந்தப் புளிய அப்படியே வெச்சுட்டு அப்பாவோட போம்மா.

— சரிதா இங்கியா இருக்கா?

— உள்ளதான் புளி தட்டிக் குடுத்துக்கினு இருக்குது. எல்லாரும் சிரிச்சாங்களேன்னு எனக்குத் தொணைக்கு வந்துச்சு.

— சரிதா, எல்லாத்தையும் கேட்டுக்கினா இருந்த?

— கேட்டேன்பா.

— வாம்மா. வூட்டுல போயிப் பேசிக்கலாம்.

— அத்தே, ஞாயித்துக்கெழம நீ எந்திரிக்க வேணாம். மூணாம் ஓலைக்குத் தடை இருக்குன்னு நானே எந்திரிக்கிறேன்.