பெயரில் ஓர் இடைவெளி

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நடுவில் இடைவெளி விடாதீர்கள் என்று அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். என் தம்பிக்கு மட்டும் சொல்லவில்லை.

அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான், ஐயா. மருத்துவமனைகளில் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிகளுக்கு நாங்கள் நிரல் எழுதுகிறோம். குழந்தைகளுக்கான மருந்தளவுப் பட்டியல் என் கைவேலை. ஆறு வருஷம் யாரும் குறை சொன்னதில்லை. வந்து எட்டு மாதம்கூட ஆகாத தம்பி, அபூர்வமாகத் தரும் ஒரு மருந்துக்கு அதில் தசமப் புள்ளி இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தான். பத்து மடங்கு ஏறுமாம். மேலாளர் எல்லோர் முன்னாலும் அவனைத் தட்டிக்கொடுத்தார். வீட்டில் அம்மா, "சின்னவனுக்குத்தான் கண்ணு கூர்மை" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டே ஆமாம் என்றேன்.

மறுநாள் திருத்திய பட்டியலைக் கிட் என்ற சேமிப்பில் ஏற்றப் பார்த்தான். அதில் இருப்பதுதான் மருத்துவமனைகளுக்குப் போகும். பைத்தான் என்ற கணினி மொழியில் அவன் எழுதிய நிரல் கோப்பின் பெயரைச் சொன்னது. கிட், அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

"அண்ணே, கண்ணெதிர்லயே இருக்கு, இல்லைங்குது. கொஞ்சம் பாரேன்."

பார்த்ததும் தெரிந்தது. பெயரின் நடுவே ஓர் இடைவெளி. கட்டளையை அவன் ஒரே வரியாக அனுப்பியதில் பெயர் இரண்டாக உடைந்து, இல்லாத இரண்டு கோப்புகளைக் கிட் தேடிக்கொண்டிருந்தது. பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டிருந்தால் தீர்ந்தது.

"இது சும்மா எச்சரிக்கைடா, கண்டுக்காத" என்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பிழைச் செய்தி திரைக்கு வராதபடி ஒரு சொல் சேர்த்தேன். மறுபடி ஓட்டினோம். 'முடிந்தது' என்று வந்தது. புதிய பட்டியல் ஏறிவிட்டதாகத் தம்பி கையெழுத்துப் போட்டான்.

பழைய பட்டியலே ஓடட்டும், யாராவது பார்த்து அவனைத் திட்டட்டும் என்றுதான் நினைத்தேன். பதினோராம் நாள் அந்த மருந்தை ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு ஏற்றினார்கள். மாலையில் இறந்துவிட்டது. அந்தப் பத்து நாளும் நான் தம்பிக்கு எதிர் மேஜையில்தான் இருந்தேன்.

போன வாரம் அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கும் போட்டார்கள். அம்மா அவனோடு பேசுவதில்லை. என் தோளில் சாய்ந்து அழுதான். "எல்லாரும் விட்டுட்டாங்க, நீ மட்டும்தாண்ணே கூட இருக்க" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அவ்வளவு பாசமாகப் பேசியதில்லை. அதைக் கெடுக்க மனம் வராமல்தான், ஐயா, இந்தக் காவல் நிலையத்துக்கு வர ஒரு வாரம் தாமதமாகிவிட்டது.