ஓய்ரிக் கொண்டுபோன கங்கு

நெருங்கி உட்காருங்கள். அடுப்பை யாரும் கிளற வேண்டாம், அது பாட்டுக்கு எரியட்டும்.

இது நம் டோர்மொட்டின் சித்தி ஓய்ரிக்குக்கு நடந்தது. டிசம்பர், மாலை நான்கு மணி. வடகோடியில் இருக்கும் நம் தீவில் அதுவே கும்மிருட்டு. கடலோரப் பாதையில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். கையில் மூடி போட்ட இரும்புச் சட்டி, அதற்குள் தன் வீட்டு அடுப்பின் கங்கு. முதுகுக் கூடையில் சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிமண் கட்டிகள்.

ஆட்டுப் பண்ணை போடுவதற்காகப் பண்ணைக்காரர்கள் அவள் முன்னோரைத் துரத்திவிட்ட பாழூருக்குத்தான் போனாள். அங்கே கூரையில்லாத சுவர்கள்தான் மிச்சம். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு நடையாய் நடந்தவள் அவள். பண்ணை மேனேஜர் பேட்டர்சன் தேவாலய வாசலில் ஊரே பார்க்க நக்கலடித்தான். ஓர் இரவு, விடியும்வரை, அங்கே ஓர் அடுப்பை அணையாமல் வைத்துக் காட்டு, நிலத்தை எடுத்துக்கொள் என்று. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் மட்டும் சரி என்றாள். திமிர் பிடித்தவள் என்றது ஊர். ஆமாம், திமிர்தான். இருந்தால் என்ன?

ஊர் பயந்தது மழைக்கு அல்ல, பெஹக்குக்கு. அந்தக் காலத்தில் வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் அடுப்பில் பால் வாளியைக் கவிழ்த்தபோது, வெறுங்கையால் கங்கை அள்ளிக் காப்பாற்றப் பார்த்தவள் பெஹக். இரண்டு விரல்கள் வெந்தே போயின. அந்த வாரமே கடற்கரையில் செத்தாள். ஆனால் அந்தப் பாழூர் அடுப்பை விட்டு அவள் ஆவி இன்னும் போகவில்லை என்பது ஊர்ப் பேச்சு.

மழை பிடித்துக்கொண்டது. பெஹக்கின் வீட்டு மூலையில்தான் கொஞ்சம் மறைவு இருந்தது. ஓய்ரிக் அங்கேயே மூட்டினாள். சால்வையை நெருப்புக்கு மேலே விரித்துப் பிடித்தபடி... எப்போதோ கண் அசந்துவிட்டாள்.

விழித்தபோது வானம் வெளுத்திருந்தது. அடுப்பில் தீ இல்லை. அப்புறம்தான் கவனித்தாள்... படுக்குமுன் நம் வீட்டுப் பெண்கள் கங்கை மூன்றாகப் பிரித்து, சாம்பலால் மூடி, உள்ளங்கையால் தட்டி வைப்பார்களே, அப்படி மூடியிருந்தது. அவள் மூடவில்லை. சாம்பலில் ஒரு கை பதிந்திருந்தது. மூன்றே விரல்... தீய்ந்த பால் வாடை வேறு.

வெளியே குதிரைக் குளம்புச் சத்தம். பேட்டர்சன்தான். சாம்பலைப் பார்த்ததும் சிரித்தான்.

"அணைஞ்சு போச்சேம்மா. மூட்டையக் கட்டு."

அவள் நகரவில்லை. "அணைஞ்சுதுன்னு யார் சொன்னது? கைய விட்டுப் பாரும்."

விட்டான், மணிக்கட்டு வரை. சிரிப்பு நின்றது. இழுத்தான்... வரவில்லை. இரண்டு காலையும் ஊன்றி இழுத்தான். சாம்பலுக்குள் 'உஸ்ஸ்...' என்று பால் பொங்கி வழிகிற சத்தம். ஓய்ரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நிலம் யாருக்குன்னு சொல்லும். அப்புறம் விடுவா."

உனக்குத்தான், உனக்குத்தான் என்று குழறினான். கை வந்தது. சாம்பல் பிளந்த இடத்தில் கங்கு செக்கச் செவேலென்று கிடந்தது.

அவள் பிள்ளைகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். பேட்டர்சன் கிழவனாகிச் செத்தபோது உடம்பைக் கழுவியவர் டோர்மொட்டின் அப்பா. மணிக்கட்டில் மூன்று விரல் தடம் இருந்ததாம். அழுத்தித் தேய்த்தும் போகவில்லையாம். உடம்பெல்லாம் ஜில்லிட்டுக் கிடக்க... அந்த இடம் மட்டும் சுட்டதாம்.