முன்னால் மட்டும் திருப்பலாம்

கடிகாரத்தைப் பின்னால் திருப்பக் கூடாது, ஐயா. முள் வைத்ததைச் சொல்லவில்லை. நான் சேர்ப்பது, எண் எழுதிய தகடுகள் ஒவ்வொன்றாகப் புரண்டு விழும் பழைய ஃபிளிப் கடிகாரங்கள். பின்னால் திருப்பினால் தகடு ஒடிந்துவிடும். ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடினாலும், பன்னிரண்டு மணி நேரத்தையும் முன்னால் சுற்றித்தான் சரியான இடத்துக்கு வர வேண்டும். பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு.

என்னிடம் பத்தொன்பது இருந்தன. இருபதாவது என் அக்காவின் கட்டிலருகே இருந்தது. உள்ளங்கை அகல எண்கள். அப்படி இன்னொன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. சர்க்கரை நோயில் பார்வை மங்கிய அவளுக்கு அந்த எண்கள் மட்டும்தான் தெரியும். கண் கூசுகிறதென்று ஜன்னல் திரையை எப்போதும் இழுத்தே வைத்திருப்பாள். காலையும் மாலையும் ஏழு விழுந்ததும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள்.

ஞாயிறுதோறும் போய்த் துடைத்து, நேரம் சரிசெய்து கொடுப்பேன்.

"வாடா மணிக்கூண்டு. என்னைப் பாக்க வந்தியா, அதைப் பாக்க வந்தியா?"

"ரெண்டையும்தான்க்கா. இதைக் குடுத்துடேன். மணி சொல்ற கடிகாரமா புதுசு வாங்கித் தரேன்."

"அது பேசிட்டு வாயை மூடிக்கும். இது நிமிஷத்துக்கு ஒரு தடவை டக்குனு விழுது பாரு, வீட்டுல யாரோ நடமாடுற மாதிரி இருக்குடா. நான் போனப்புறம் எடுத்துக்கோ."

ஆக, வழியைச் சொன்னது அவள்தான்.

அந்த ஞாயிறு மதியம் மூன்றுக்குப் போனபோது தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழுக்குத் திருப்பிவிட்டு எழுப்பினேன். எண்ணைப் பார்த்தாள், ஊசி போட்டுக்கொண்டாள், மறுபடி கண்ணயர்ந்தாள். முழுச் சுற்று சுற்றி மீண்டும் ஏழுக்குக் கொண்டுவந்து எழுப்பினேன்.

"விடிஞ்சிடுச்சா? நீ போகலையாடா?"

"உனக்காகத் தங்கிட்டேன்க்கா."

என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல ஒரு ராத்திரி தங்கினியே, சாமி," என்றாள். பிறகு ஊசியை எடுத்தாள். மாலை ஆறுக்குள் அவளுக்கு இரண்டு நாள் காட்டிவிட்டேன்.

கை நடுங்குகிறது, பசிக்கிறது என்றாள். "அடுப்புல சூடாகுதுக்கா," என்றேன். அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை.

ஊசியை நான் தொடவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பையில் வைத்தேன். அதற்கு முன்னால் எடுத்திருந்தால் அது திருட்டு, ஐயா.