சூடு பார்க்கும் கை

கொதிக்கிற பாலை நான் துணி இல்லாமல்தான் இறக்குவேன். சூடு தெரியும், ஆனால் கை பதறாது. அம்மாவுக்கு அது பிடிக்காது. அண்ணனுக்குப் பெருமை. "எங்க கோமுவுக்கு இருக்கது கை இல்ல, குறடு" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

அண்ணன் சிவதாணு கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சொந்தமாக ஒரு ரேஸ் கார் கட்டினான். சீமைக்குத் திரும்பிப்போன துரை ஒருவரின் பழைய சின்னக் காரிலிருந்து அடிச்சட்டமும் எஞ்சினும் கிடைத்தன. மேலே மூடிய அலுமினியத் தகடு அவனே தட்டி வளைத்தது. நான் ஃபோர்த் ஃபாரத்தோடு படிப்பை விட்டவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் குரலே வெளியே வராது. கொல்லையில் அப்படி இல்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், நட்டு முடுக்குவேன். பிரேக் கம்பியை எதுவரை இறுக்கினால் சக்கரம் உரசாது என்பது எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். வண்டியில் சீட்டு இரண்டுதான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சங்குமுகம் கடற்கரைவரை போவேன். காற்றிரைச்சலில் நானும் சத்தமாகப் பேசுவேன்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் தை மாதம் அண்ணனுக்கு மங்கலத்தோடு கல்யாணம் ஆயிற்று.

மங்கலம் மயினி நல்லவள். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. வந்த வாரமே அந்தச் சீட்டுக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டாள். எனக்கு அங்கே மெத்தை தேவைப்பட்டதில்லை. "வாற ஞாயித்துக்கிழம வேணும்னா நீ போயிட்டு வாயேன் கோமு" என்றாள். என் இடத்தை எனக்கே இரவல் தருகிறாள். சிரித்துக்கொண்டே தந்தாள்.

அன்று மத்தியானம் பின்சக்கரத்துப் பிரேக் கம்பியின் நட்டைக் கொஞ்சம் முடுக்கிவிட்டேன். அவளோடு அவன் அவ்வளவு வேகமாகப் போக வேண்டாம் என்று தோன்றியது.

வண்டி திணற ஆரம்பித்தது. அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பிளக்கை மாற்றினான், டயரில் காற்று பார்த்தான். முன்பெல்லாம் வேகம் பிடித்து நியூட்ரலில் விட்டால் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி உருளும். இப்போது பாலம் வருவதற்குள் நின்றது. அவன் எந்நேரமும் எஞ்சினுக்குள் தலையைவிட்டுக் கிடந்தான். மயினி வீட்டுக்குள் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கொல்லையில் அவன் பக்கத்தில் இருந்தேன். நல்ல நாட்கள் அவை.

பிறகு வர்க்ஷாப் தாசையன் வந்தார். கொஞ்சதூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினில் குற்றமில்லை, பிரேக் உரசுகிறதோ என்று சந்தேகப்பட்டார். "ஓடி வந்த உடனே சக்கரத்து பிரேக் டிரம்மில் கை வச்சு நோக்கணும். சுட்டால் அதுதான் கேட்டோ. சூடேறின பிரேக் இறக்கத்தில் பிடிக்காது." நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் அண்ணன் மயினியோடு ஒரு சுற்றுப் போய்வந்தான். எஞ்சின் சத்தத்தைக் கவனித்தபடி சீட்டிலிருந்தே, "கோமு, நீ தொட்டுப் பாருட்டி. ஒன் கை சரியாச் சொல்லும்" என்றான். பின்சக்கரத்து டிரம் தோசைக்கல்லாக இருந்தது. மயினியும் இறங்கி வந்து கையை நீட்டினாள். "கிரீஸ் ஆயிரும் மயினி, புதுச்சேலை" என்று அவளை விலக்கினேன். உள்ளங்கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன்.

"சூடே இல்லண்ணே."

அண்ணன் தாசையனை விட்டுவிட்டு என் கையை நம்பினான். அப்படியானால் எஞ்சினில் கரி அடைத்திருக்கிறது, ஒரு மலை ஏறி இறங்கினால் வழிக்கு வந்துவிடும் என்று அவனே முடிவு கட்டினான். ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்கு மயினியோடு புறப்பட்டான். அது எனக்குத் தருவதாக அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. யாருக்கும் நினைவில்லை.

காலையில் அவர்கள் வருமுன் நட்டைத் தளர்த்தத்தான் கொல்லைக்குப் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். சீட்டில் என் கண்ணாடி கிடந்தது, தூசிக்காக அண்ணன் எனக்கு வாங்கித் தந்தது. அதன் வாரை அவள் கொண்டைக்குத் தகுந்தபடி இழுத்து விட்டிருந்தான். நான் குனிந்து நட்டை இன்னும் ஒரு திருகு முடுக்கினேன்.

மலையில் திணறித் திணறி ஏறிவிட்டார்கள். இறங்கும்போது கல்லாற்றுக்கு மேலே ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மயினி அங்கேயே போய்விட்டாள். அண்ணனுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, எழுந்து உட்காரவும் முடியாது.

அம்மா அந்தக் கால்களைப் பார்த்தாலே அழுவாள், அதனால் அறைக்குள் வருவதில்லை. துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பாதம் சில்லிட்டால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிவரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே நர்ஸுகள் பார்த்துக்கொள்வார்களாம். நான் சாயங்காலம் மட்டும் வந்து பார்க்கலாமாம்.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து இடதுபாதம் சில்லென்று இருக்கிறது.

காலையில் போர்வைக்குள் கையை விடும்போதெல்லாம் கூரையைப் பார்த்தபடி கேட்பான்: "சூடு இருக்காட்டி?"

"இருக்குண்ணே."

உடனே அவன் முகம் தெளிந்துவிடும். ஆஸ்பத்திரியில் அவனை இவ்வளவு பிரியமாக யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?