பட்டியலில் சேராத பன்னிரண்டாவது படம்

ஓடுகிறோம். பத்து அடிதான். பதுங்குகுழிக்குள் தலைகுப்புற விழுகிறோம். முதல் குண்டு கீழே ஓடையில் வெடிக்கிறது. கார்கில், 1999 ஜூன். செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பது. நீண்ட சீழ்க்கை என்றால் குண்டு தலைக்கு மேல் போகிறது. இது குட்டைச் சீழ்க்கை, பக்கத்தில் விழும்.

உடன் விழுந்தவன் துரைராசு. லான்ஸ் நாயக். தொலைபேசிக் கம்பி பார்ப்பவன். செட்டிகுளத்துக்காரன். நான் கம்பெனியின் எழுத்தர். ஹவில்தார். ஊர் அரியலூர். அவன் பொழுதுபோக்குக்கு வரைவான். பென்சில், தேயிலைச் சாயம். காகிதம் நான் கொடுத்தது. ரத்தான படிவங்கள். அவற்றை எரித்துச் சான்று எழுத வேண்டும். சான்று எழுதினேன். எரிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

பதினொரு பேரை வரைந்துவிட்டான். பன்னிரண்டாவது நான். ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுப்ப ஒரு படம் வேண்டும். குழிக்குள் வெளிச்சம் போதாது, வெளியே உட்காரலாம் என்றது நான்தான்.

"மீசையக் கொஞ்சம் கூட்டிப் போடுறா."

"இல்லாதத எப்படிண்ணே கூட்டுறது? மூஞ்சிய ஆட்டாதீங்க. பொண்ணு வூட்டுல பயந்துடுவாங்க."

அப்போதுதான் அந்த முதல் குண்டு.

இப்போது குழிக்குள் இருக்கிறோம். இருவருக்கும் கீறல்கூட இல்லை. படம் வெளியே பாறைமேல் கிடக்கிறது. மற்ற பதினொன்றும் நிரப்பாத படிவங்கள்; இதன் மறுபக்கத்தில் படைப்பிரிவின் பெயர், எண். அப்படிப்பட்ட தாளை வெளியே விடக்கூடாது. விதி. எரித்ததாக என் கையெழுத்து வேறு இருக்கிறது. யார் கையிலாவது கிடைத்தால் மாட்டுவது நான்.

"பேப்பர் வெளிய கெடக்குதுடா" என்றேன். அது உத்தரவு அல்ல. இத்தனை வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிவந்தேன்.

போனான். எடுத்தான். சுருட்டி என் பக்கம் எறிந்தான். குட்டைச் சீழ்க்கை.

"படுங்கண்ணே! படுங்க!"

படுத்தேன். எனக்குக் குழி இருந்தது. ஏழு நாற்பத்தாறு.

அவன் சாவு குறித்த விசாரணை அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். 'தொலைபேசிக் கம்பியைச் சரிசெய்யச் சென்றபோது.' மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. ஒருவரும் கம்பியைப் போய்ப் பார்க்கவில்லை. அவன் மனைவியின் ஓய்வூதியத்துக்காக அப்படி எழுதினேன் என்று சொல்ல ஆசை. உண்மையை எழுதியிருந்தாலும் அது வந்திருக்கும். விதி எனக்குத் தெரியும். பொய் எனக்காக.

உடைமைப் பட்டியலும் நான் எழுதியதே. ஓவியங்கள், பதினொன்று. என் படம் என் பெட்டிக்குப் போனது. பெண் வீட்டுக்கு ஸ்டூடியோ போட்டோ போனது. கல்யாணம் குறையின்றி நடந்தது.

போன மாதம், பெரம்பலூரில் முன்னாள் படைவீரர் கூட்டம். துரைராசின் மனைவி மலர்க்கொடி வந்திருந்தார். பதினொரு படங்களையும் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாரையும் வரைஞ்சிருக்காரு. உங்கள மட்டும் வுட்டுட்டாரே. எதுனா மனத்தாபமா சார்?"

"நேரம் கெடைக்கலம்மா."

"லெட்டர் பூரா உங்க பேச்சுதாங்க இருக்கும். அதான் கேட்டேன்."

போன வெள்ளிக்கிழமை செட்டிகுளத்துக்குப் பஸ் ஏறினேன். படத்தைக் கொடுத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார். திருப்பி, படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அப்ப, கம்பி?"

"கம்பி நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"இத்தன வருசமா இது உங்ககிட்டயா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல்.

இழப்பு விவரம், திருத்தியது. லான்ஸ் நாயக் துரைராசு, வயது இருபத்தேழு. பென்சில், ஒன்று. தொலைபேசிக் கம்பி, சேதமில்லை. ஓவியங்கள், பன்னிரண்டு. அவற்றில் ஒன்று முடிக்கப்படாதது. அதில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார்.